குருவிகள் காட்டும் வழி

இரவுப் பணி முடிந்து வந்த நர்ஸம்மா, வீங்கிய கால்களை நீட்டிக் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். உடைகூட மாற்றவில்லை. வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. பார்வை போன கிழட்டுக் கோழியைக் கறிக்கடையில் கொடுத்துவிடக் கணவன் கூடையோடு நிற்கிறான்.

"முட்டையும் இல்ல, கண்ணும் தெரியல. தீனித் தொட்டிப் பக்கம் போனா மத்ததுங்க கொத்தியே விரட்டுதுங்க. பட்டினி கிடந்து சாகிறதுக்கு இது மேல். என்ன சொல்றே?"

அவள் பக்கத்திலிருந்த தீனிக் கிண்ணத்தை இழுத்துக்கொள்கிறாள். தானியத்தை அள்ளிக் கோழியைப் பார்த்து வீசுகிறாள். சோர்ந்த கை; தானியம் கோழிக்கு எட்டாமல் மதிலோரம் சிதறுகிறது. கூரையிலிருந்த சிட்டுக்குருவிகள் கீச்சுக்கீச்சென்று அங்கே இறங்குகின்றன. கிழட்டுக் கோழி தலையைச் சாய்த்துக் கேட்கிறது. பிறகு அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அடிமேல் அடியாக நடந்து, குருவிகளுக்கு நடுவே நின்று கொத்தத் தொடங்குகிறது. ஒரு குருவிகூட விலகவில்லை.

"பாத்தீங்களா? ஆண்டவன் அதுக்கும் துணைக்கு ஆள் வச்சிருக்கான்."

"நல்ல ஆளுங்க! பாதித் தீனி அதுங்க வயித்துக்குள்ள." முணுமுணுத்தபடி கூடையை ஓரமாகக் கவிழ்த்துவிட்டு, அவனும் ஒரு பிடி தானியத்தை அள்ளிக் குருவிகளைப் பார்த்து வீசுகிறான். அவள் சுவரில் தலைசாய்த்துக் கண்களை மூடிக்கொள்கிறாள்.