ரெண்டு பித்தளை டோக்கன்

சத்தியமா சொல்றேன், இதுல ஒரு சொல்லு பொய்யின்னா என் நாக்கு அழுகட்டும்.

அமெரிக்காவுல தங்கம் தோண்டுன ஊரு. அங்க பழைய சாமான் கடையில ஒரு கெழட்டு டோக்கன் கெடந்துச்சு. தாசி வீட்டுக்கு வர்றவன் காசு கட்டி வாங்கி, பொண்ணு கையில குடுக்குற டோக்கன். தன்னக் கையில வாங்குன பொண்ணு பேர ஒருத்தன்கிட்டயாவது சொல்லிரணும்னு அதுக்கு ஆச.

பக்கத்துல போன மாசம் அடிச்ச போலி ஒண்ணு, அம்மணப் படத்தோட பளபளன்னு. "நானும் அந்த வீட்டு டோக்கன்தான், பெருசு!"ன்னுச்சு.

"அப்ப நம்மள வாங்குன கை யாருதுடா?"

"கையா? அங்க பொம்பள வேற இருந்தாளா?"

ஒருத்தன் வாங்க வந்தான். "நோரா! அவ பேரு நோரா!"ன்னு கெழடு கத்துச்சு. அவன் படத்தப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே போலிய வாங்கிட்டுப் போயிட்டான்.

கதைக்குக் காச எடுங்க சாமிகளா. டோக்கன நீட்டுனா ஒதப்பேன். அந்த வீட்டுக்கு வெளிய அது செல்லாது, அத வச்சு நோராவால ஒரு வாய் சோறு வாங்க முடியல.