பள்ளிக்கூடத்தின் முன்கதவு

பள்ளிக்கூடத்துக்கு எதிரே பார் திறக்க ஒருவர் நகராட்சியிடம் அனுமதி கேட்டிருந்தார். தூரம் அளக்க வந்த நாடாவிடம் பள்ளியின் முன்கதவு பயந்துகொண்டே பேசியது.

"எவ்வளவு வருது, அண்ணே?"

"ரொம்பக் கிட்டே இருக்கியே தம்பி! வாசலுக்கு இவ்வளவு பக்கத்துல பார் வைக்க விதி இடம் கொடுக்காது."

"அப்பாடா! பிள்ளைங்க நிம்மதியாப் போகும்."

நகராட்சி மன்றம் கூடி முடிவெடுத்தது. மறுநாள் கொத்தனார்கள் வந்து கதவை ஒட்டிச் செங்கல் அடுக்கினார்கள்.

"என்னை ஏண்ணே அடைக்கிறாங்க?"

நாடா சுருண்டுகொண்டது. "நீ இருந்தாத்தானே கிட்டே? இனிமே பின்சந்து வாசல்லேருந்து அளக்கணுமாம். அங்கேருந்து தூரம் சரியா இருக்கு."

"அப்பவும் பிள்ளைங்க இந்தத் தெரு வழியாத்தானே வீட்டுக்குப் போகணும்?"

"அதை அளக்கச் சொல்லலை, தம்பி."

கடைசிச் செங்கல் ஏறும்போது பள்ளி மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவரும் சத்தம் கேட்டு, கதவு வழக்கம்போலத் திறந்துகொள்ளப் பார்த்தது.