எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!

“‘பிளக்கைச் சொருகவும்.’ இதைக்கூடவா எழுதுவ? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!”

சகிந்திக்கின் சிவப்புப் பென்சில் அந்த வரியை ஒரே இழுப்பில் அடித்தது. தொழிற்சாலையின் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தலைவர் அவர். மரியாதைக்கு எல்லோரும் ‘சாகே’ என்று சுருக்கிக் கூப்பிடுவார்கள். தூசி படாத சாம்பல் நிறக் கோட்டும், முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளுமாக எட்டு வருஷமாகப் பவனி வருகிறார்.

எதிரே ஜான்சாயா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பாலிலிருந்து கய்மாக் என்கிற கெட்டி ஆடையைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்துக்குப் பயன்பாட்டுக் கையேடு எழுத வந்தவள். அல்மாட்டி நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்து, இலக்கியம் படித்து, ஒரு வருஷம் அலைந்து பிடித்த முதல் வேலை. அதுவும் இன்னும் நிரந்தரமில்லை.

“இயந்திரத்துக்குள்ள இருக்கற தட்டுகளை எந்த வரிசையில அடுக்கணும்னு கேட்டிருந்தேனே, சாகே...”

“எல்லாருக்கும் தெரியும்.”

“பால் வெதுவெதுப்பா இருக்கணுமா?”

“எல்லாருக்கும் தெரியும்மா!”

“குழாயை எப்பத் திறக்கணும்? மோட்டார் போடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“ஏம்மா, நம்ம தால்திகோர்கான் ஊர்ல மாட்டைக் கேட்டாக்கூடச் சொல்லும். என் உசுரை ஏன் வாங்கற?”

மாட்டைத்தான் அவள் கேட்கவில்லை. மற்றபடி செய்யாதது ஒன்றுமில்லை. சித்தி வீட்டுத் தொழுவத்தில் இயந்திரத்தை வைத்துப் பத்து நாள் மல்லுக்கட்டினாள். மோட்டார் வேகம் பிடிக்கும் முன்பே குழாயைத் திறந்துவிட்டு, இருபது லிட்டர் பாலைத் தரைக்குத் தாரை வார்த்து, சித்தியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, செய்த ஒவ்வொரு தப்பையும் ஒரு வரியாக எழுதினாள். மொத்தம் பதினாலு பக்கம். சாகே அடித்து முடித்தபோது மிஞ்சியது அரைப் பக்கம். அதிலும் பாதி தொழிற்சாலை முகவரி.

வெள்ளிக்கிழமை சோதனை. இயக்குநர் கதிஷா அக்கா போட்ட நிபந்தனை எளிது. இந்த இயந்திரத்தைத் தொட்டே பார்க்காத ஒருவர், கையேட்டை மட்டும் படித்து கய்மாக் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் ஜான்சாயாவுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் திங்கட்கிழமை அவள் வர வேண்டியதில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் மேஜை மேல் இயந்திரம், பக்கத்தில் ஒரு வாளிப் பால். ஆட்களும் கூடிவிட்டார்கள். தொட்டுப் பார்க்காத ஆள்தான் அகப்படவில்லை.

“என்னையா கேக்கறீங்க? நான் பொறந்ததே கய்மாக் வாளிக்குப் பக்கத்துலதான்!” என்றாள் சமையல்காரி.

“எங்கிட்ட ரெண்டு பசு இருக்கு” என்றார் வாட்ச்மேன்.

“கல்யாணமான மறுநாளே மாமியார் இதுக்கு முன்னாடிதானே என்னை உக்கார வெச்சாங்க” என்றாள் கணக்குப் பிரிவுப் பெண். கூடமே சிரித்தது.

“சரியாப் போச்சு! தெரியாத ஆளே இல்லாத ஊர்ல சோதனையை யாரை வெச்சு நடத்தறது?” என்று கதிஷா அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

சாகேவுக்கு வாயெல்லாம் பல். “அதைத்தானே நானும் மூணு வாரமாத் தொண்டை கிழியச் சொல்றேன்! கையேடே தண்டம், அதை எழுதறதுக்கு ஒரு ஆள் அதைவிடத் தண்டம். மூட்டையைக் கட்டச் சொல்லுங்க.”

ஜான்சாயாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. இருபது லிட்டர் பாலும் பத்து நாள் உழைப்பும் பாழ். அடித்தல் திருத்தல் இல்லாத பிரதி பையில் இருந்தது. அதை இனி யாரிடம் காட்டுவது?

கதிஷா அக்கா கொஞ்சம் யோசித்தார்.

“நீங்க சொல்றதும் நியாயமாத்தான் படுது, சாகே. சரி, கொண்டுவந்த பால் வீணாப் போவானேன்? எல்லாருக்கும் டீக்கு ஆகற மாதிரி, நீங்களே உங்க கையால கொஞ்சம் கய்மாக் எடுத்துக் குடுங்க. குடிச்சிட்டுப் பொண்ணை அனுப்பி வெச்சிடலாம்.”

சாகேவின் சிரிப்பு நின்றது. முதுகுக்குப் பின்னாலிருந்த கைகள் மெல்ல முன்னால் வந்தன. ஒரு தட்டை எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார், நிமிர்த்திப் பார்த்தார். குழாய்ப் பக்கம் போன கை பாதியிலேயே திரும்பி, சுவிட்ச் பக்கம் போய், அங்கிருந்தும் திரும்பி வந்தது. டீக் கோப்பைகளோடு எல்லோரும் காத்திருந்தார்கள்.

கோட்டைச் சரிசெய்வது போல் பாவனை செய்துகொண்டு, சாகே ஜான்சாயாவின் பக்கம் சாய்ந்தார்.

“ஏம்மா... அந்தப் பதினாலு பக்கம்... நான் அடிக்காத காப்பி ஏதாவது வெச்சிருக்கியா?”

கிசுகிசுப்புத்தான். ஆனால் கதிஷா அக்காவுக்குப் பாம்புக் காது.

“அப்பாடா, ஆள் கிடைச்சாச்சு! ஜான்சாயா, சோதனையை ஆரம்பிக்கலாம். அவர் கையில முதல் பக்கத்துலேருந்தே குடு, பிளக்கைச் சொருகறதுலேருந்து!”