காளையின் காதுக்குப் பின்னால்

"பாத்து வாடா, வழு..." தோமோயோ நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோயில் படியில் பனி உறைந்திருந்தது. ஆனால் பரீட்சைக்கு முந்தின நாள் வழுக்கும், விழும் என்றெல்லாம் சொன்னால் அபசகுனம் என்று யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

மகன் கோஹெய் சிரித்தான். "நாளைக்குப் பரீட்சை எனக்கா, உனக்கா? உன் கண்ணுதான் தூங்காம சிவந்து கிடக்கு."

அவள் கழுத்துத் துணியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை. வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். மிசோ சூப் வைக்கவும் துணி துவைக்கும் இயந்திரத்தைப் போடவும் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். படிக்கிற நேரத்தில் இது எதற்கு என்று அவன் கேட்டபோது கரண்டியை அவன் கையில் திணித்தாள்.

கல்விக் கடவுள் தென்ஜினின் வெண்கலக் காளை முற்றத்தில் படுத்திருந்தது. வரிசை முழுக்க மாணவர்கள். தடவித் தடவி அதன் நெற்றி பொன்னாக மின்னியது.

அவர்களுக்கு முன்னால் நின்ற கிழவர் மட்டும் காளையின் முழங்காலைத் தேய்த்தார். அதே கையால் வலிக்கிற தன் முழங்காலையும் தேய்த்துக்கொண்டு நொண்டியபடி நகர்ந்தார்.

கோஹெய் நெற்றியைத் தடவிவிட்டு ஒதுங்கினான். தோமோயோ குனிந்தாள். அவள் விரல்கள் நெற்றிக்குப் போகவில்லை. இடது காதுக்குப் பின்னால், மெருகில்லாமல் கறுத்துக் கிடந்த இடத்தில் நின்றன. கண்ணை மூடிக்கொண்டாள். கையை எடுக்கவே இல்லை.

"மூளை முன்னாடி இருக்கும்மா."

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இங்க யாரும் தொட்டதில்லடா. வரம் அப்படியே இருக்கும்." அவள் விரல்கள் அதே இடத்தை இன்னும் அழுத்தின.

வரிசையில் நின்ற ஒருத்தி அவள் பக்கம் குனிந்து, தன் மகளும் நாளைக்கு எழுதுகிறாள், பயப்படாதீர்கள் என்றாள். தோமோயோ தலையை மட்டும் ஆட்டினாள்.

கோஹெயின் சிரிப்பு நின்றிருந்தது. நொண்டிப் போகும் கிழவரைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். மறுபடி குனிந்து, அவள் தொட்ட இடத்தையே தேய்த்தான்.

சில்லிட்ட அந்தக் கையை அம்மாவின் இடது காதுக்குப் பின்னால் வைத்தான்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"