கம்பிக்கு அப்பால் கல்யாண மது

நுக்சாரின் தோட்டத்துக்கு நடுவே ரஷ்யச் சிப்பாய்கள் ராத்திரியோடு ராத்திரியாக இழுத்துக் கட்டிய முள்கம்பி வெயிலில் பளபளக்கிறது. ஜார்ஜியா இன்னும் கொஞ்சம் சுருங்கிவிட்டது. மகள் கல்யாணத்துக்கென்று மண்ணில் புதைத்த திராட்சை மது ஜாடி இப்போது கம்பிக்கு அந்தப் பக்கம். நீல அங்கி போட்ட ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் இருவர் பைனாகுலரில் உற்றுப் பார்க்கிறார்கள். "ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறோம், ஐயா." "போன வருஷம் கிணறு அந்தப் பக்கம் போனப்பவும் இதையேதான் தெரிவிச்சீங்க!" என்கிறான் நுக்சார். விறுவிறுவென்று உள்ளே போய் இரண்டு கோப்பைகளோடு வருகிறான். வீடு தேடி வந்தவர்களை ஒரு வாய் மது கொடுக்காமல் அனுப்புவது இங்கே அவமானம். காலிக் கோப்பைகளை அவர்கள் கையில் திணிக்கிறான். "விருந்தாளிங்க நீங்க. மது அங்க இருக்கு. போய் மொண்டு குடிங்க!" ஜாடியை மூடிய கல்லின்மேல் ஒரு சிப்பாய் உட்கார்ந்து புகைவிடுகிறான். கண்காணிப்பாளர்களில் ஒருவர் கோப்பையைப் புல்லில் வைத்துவிட்டு மறுபடி பைனாகுலரை எடுக்கிறார்.