மயக்கத்துக்குப் பதில் ஒரு மதியம்

என் கழுத்தைத் திறந்துவிட்டார்கள். நான் விழித்துக்கொண்டுதான் கிடந்தேன்.

எனக்குப் பலவீனமான நெஞ்சு. முழு மயக்கம் கொடுத்தால் மேஜையிலேயே போய்விடுவேனாம். அறுக்காமல் விட்டாலோ, கழலை மூச்சுக்குழாயை நெரித்துவிடுமாம். நல்ல கூத்து.

அதனால் கழுத்து மரத்துப்போக ஒரு ஊசி, கையில் சொட்டுச் சொட்டாக ஏதோ மருந்து, காதோரம் டாக்டர் எவ்ராரின் குரல். எனக்கு மயக்கம் என்பது அவ்வளவுதான்.

எங்கள் ஊர் லியேஜில் இது ஒன்றும் புதிதில்லை. என் நாத்தனாருக்கும் இப்படித்தான் அறுத்தார்கள். கடற்கரையில் படுத்திருந்தது மாதிரி இருந்தது என்றாள். அவள் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

முந்தின நாள் எவ்ரார் வந்து, மனசுக்குப் பிடித்த ஒரு நாளைச் சொல்லச் சொன்னார். அறுக்கும்போது அதையே அவர் என் காதில் திருப்பிச் சொல்வாராம். நான் அங்கே போய் இருந்துகொள்ள வேண்டுமாம். இங்கே அறுப்பவர்கள் அறுத்துக்கொள்வார்களாம்.

சொன்னேன். ஊர்த் என்கிற ஆற்றின் கரை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. புல்லில் விரித்த கட்டம்போட்ட துணி. வாயைப் பிளந்து தூங்குகிற என் வீட்டுக்காரர். அவர் தொப்பையில் எறும்பை ஏற்றிவிட்டுச் சிரிக்கிற என் மகன் பஸ்தியான், ஆறு வயது. பால்சோறு நிரப்பிச் சுட்ட தார்த்தை நான் துண்டு போடுகிறேன்.

அப்புறம் என்று கேட்டார். அப்புறம் ஒன்றுமில்லை, தார்த்தோடு முடிந்தது என்றேன். அழுத்தித்தான் சொன்னேன். சின்ன வயசு டாக்டர், நம்பிவிட்டார்.

பொய்யும் இல்லை. தார்த் வரைக்கும் அதைவிடச் சந்தோஷமான மதியம் எனக்கு வாய்த்ததே கிடையாது.

மேஜையில் கிடந்தபோது கத்தி, வலி என்ற வார்த்தைகளை மனுஷர் வாயிலேயே எடுக்கவில்லை. புல் ஈரமாக இருக்கிறது, தோளில் வெயில் படுகிறது என்று தாலாட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார். சத்தியமாக வெயில் பட்டது. கழுத்தில் யாரோ இழுப்பது தெரிந்தது, ஆனால் அது அடுத்த வீட்டுச் சண்டை மாதிரி தள்ளி நடந்தது.

அறுத்துக்கொண்டிருந்த டாக்டர் கொலினே, கழலை உள்ளே ஒட்டிக்கிடக்கிறது, இன்னும் நேரமாகும் என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

எவ்ரார் துணியை மறுபடி விரித்தார். எறும்பை மறுபடி ஏற்றினார். தார்த்தை மறுபடி வெட்டினார். பாவம், அதற்குமேல் அவரிடம் சரக்கு இல்லை. என் நினைப்பு கழுத்துக்குத் திரும்புவது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

சொந்தமாக ஆரம்பித்துவிட்டார்.

“சாப்பிட்டாச்சு மதாம். பஸ்தியான் கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. கழுவிட்டு வர ஆத்துக்கு ஓடுறான்.”

வேண்டாம்.

ஆனால் அசைய முடியாது. குரல் நரம்பு கத்திக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது, எச்சில் விழுங்குவதைக்கூடக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள் என்று கொலினே எச்சரித்திருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். இந்த மடையன் என் பிள்ளையை எங்கே அனுப்புகிறான்!

அன்றைக்கும் கை கழுவத்தான் போனான். நான் எழுந்து போய்க் கூப்பிட்டபோது பதில் இல்லை. மறுநாள் பாலத்துக்குக் கீழே எடுத்தார்கள்.

நெஞ்சு எகிறியது. தலைமாட்டில் ஏதோ கருவி கத்த ஆரம்பித்தது. எனக்கு வலிக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, எவ்ரார் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார். தண்ணீர் சில்லென்று இருக்கிறது, பிள்ளை ஆசையாக இறங்குகிறான், முழங்கால் வரை வந்துவிட்டது என்றார்.

அப்போதுதான் கொலினே என் பக்கம் குனிந்தார். “மதாம், குரல் நரம்பு சரியா இருக்கான்னு பாக்கணும். எதையாவது சத்தமாச் சொல்லுங்க.”

“பஸ்தியான், ஏறி வாடா!” என்று கத்தினேன்.

“அருமை. குரலுக்கு ஒண்ணும் ஆகல,” என்றார் கொலினே. “இனிமே பேசாதீங்க. தைக்கப் போறேன்.”

எவ்ராருக்கும் சந்தோஷம். நான் நன்றாக உள்ளே போய்விட்டேன் என்று நினைத்திருப்பார்.

“அவனுக்குக் கேட்டுடுச்சு மதாம். திரும்புறான். ஓடி வந்து உங்க மடியில உக்காந்துக்கிறான்.”

கருவி அடங்கியது. மடி கனத்தது.

சட்டை நனைந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. பேசக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.