ஈர விரிப்பு

மூன்று ஊதல். இரண்டு நீளம், ஒன்று குட்டை. கோட்டோர் வளைகுடாவின் மலைகளில் மோதித் திரும்பும்போது, கடைசி ஊதல் மட்டும் யாரோ அழுது மூக்கை உறிஞ்சுவதுபோல் கேட்கும். இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் ஊர்ப் பையன் வேலை பார்க்கும் கப்பல், அவன் வீட்டைக் கடக்கும்போது அப்படி ஊதும். வீட்டில் இருப்பவர்கள் மாடியில் நின்று வெள்ளைப் படுக்கை விரிப்பை ஆட்டுவார்கள்.

எதிர் வீட்டு ஸ்தானே, மகன் நிக்ஷாவுக்காக வியாழன்தோறும் ஆட்டினாள். காலையில் உல்லாசக் கப்பல் வரும். மழையானாலும் நிற்பாள். கப்பலின் மேல்தளத்தில் பிளாஸ்டிக் கோட்டு போட்ட பயணிகள் சிரித்தபடி படமெடுப்பார்கள்.

ஒரு வியாழன், கொட்டுகிற மழை. கப்பல் வருமுன், விடுதி நடத்தும் வீதோ என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். கையில் துறைமுக அலுவலகத்துக்கு ஒரு மனு.

"கையெழுத்துப் போடு அத்தை. எல்லாரும் போட்டாச்சு, நீ ஒருத்திதான் பாக்கி. விடியக்காலையில இந்த ஊதல்ல என் விருந்தாளிங்க அலறியடிச்சு எழுந்திருக்காங்க."

என் கையெழுத்தும் அதில் இருந்தது.

"எம்புள்ள ஊதறான். உனக்கு எங்கடா வலிக்குது?"

"மழையில துணி காயப்போடற ஊருன்னு கப்பலே சிரிக்குது!"

"சிரிக்கட்டும். இந்தா, அத்திப்பழம் தின்னு."

வீதோவுக்குப் பொறுக்கவில்லை.

"நிக்ஷா கப்பல் வேலைய விட்டு நாலு வருஷமாச்சு அத்தை! திரியெஸ்தே ஊர்ல ஓட்டல் வச்சிருக்கான். ஊருக்கே தெரியும். ஊத வைக்கிறது பைலட் திரிபோ. துறைமுகத்துக்கு வழி காட்ட ஏறும்போதெல்லாம் கேப்டன்கிட்ட கெஞ்சறான். உன்னை ஏமாத்தறான்!"

நான் அவன் காலை மிதித்தேன். அதற்குள் சொல்லி முடித்துவிட்டான்.

ஸ்தானே ஜன்னலோரம் போனாள். விழுந்துவிடுவாளோ என்று நாற்காலியை இழுத்தேன்.

"தெரியும்டா. நிக்ஷா அப்பவே கடுதாசி போட்டான், கடல் போதும்மான்னு. ஊருக்கு வர்றேன்னு மட்டும் எழுதல."

"அப்புறம் எதுக்கு நனையறே?"

"திரிபோ அப்பன் ஆத்தா இல்லாம வளந்தவன். முப்பது வருஷம் கடல்ல போய் வந்தான். ஊர்ல எல்லா மாடியிலயும் விரிப்பு ஆடிச்சு. அவனுக்கு யாருடா ஆட்டினா?"

வீதோ நீட்டிய மனுவை இறக்கினான்.

"கடுதாசி வந்தப்புறம் முதல் வியாழன் ஊதினப்போ, புள்ள திரும்பி வந்துட்டான்னு ஓடினேன். பார்த்தா மேல திரிபோ, தொப்பியக் கழட்டி ஆட்டிக்கிட்டு நிக்கறான். எனக்காகத்தான் ஊதறதா நெனச்சுக்கிட்டிருக்கான். நெனச்சுக்கட்டுமே."

வெளியே மூன்று ஊதல் கேட்டது. ஸ்தானே விரிப்பை வாரிக்கொண்டு மாடிக்கு ஓடினாள்.

வீதோ மனுவை மடித்துச் சட்டைக்குள் செருகினான். "விருந்தாளிங்க காதுக்குப் பஞ்சு வாங்கிக்கறேன்" என்று முணுமுணுத்தான்.

அடுத்த வருஷம் திரிபோ ஓய்வு பெற்றான். அதன் பின் எந்தக் கப்பலும் ஊதவில்லை. நிக்ஷாவும் வரவில்லை.

மழையில் நனைந்த விரிப்பு கனக்கும். இப்போது வியாழக்கிழமைகளில் ஸ்தானே ஆட்டும்போது, அதன் மறுமுனையைத் திரிபோ பிடித்துக்கொள்கிறான்.